பிறப்பிடமும் வசிப்பிடமும்: இடம்பெயர்ந்தோர் வாழ்வில் வானொலி

மாத்தளையிலிருந்து நாலந்தை வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் வடக்குப் பெருவழியில் இன்று பேருந்திற் பயணஞ் செய்வோர், அவ்வழி ஒரு காலத்தில் ஒரு மக்கட் கூட்டத்தின் கண்ணீர் வழியாக இருந்ததென்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாக அழைத்து வரப்பட்ட தென்னிந்தியத் தமிழர், பாக்கு நீரிணையைத் தோணிகளிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகவே கடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். எஞ்சியோர் முதன் முதலாக மூச்சுவிட்டு அமர்ந்த இடம் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

அம்மக்களுக்கு அன்று இல்லாதன பல. உணவு போதாது, மருந்து இல்லை, நிழல் இல்லை. இவற்றை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆனால், இல்லாதவற்றுள் ஒன்றை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதுதான் செய்தி. தஞ்சையிலோ திருச்சியிலோ இருந்து புறப்பட்ட ஒருவன் வழியில் இறந்தால், அவனைப் பெற்றவள் அதனை அறிய, கங்காணி மறுபடி ஆள் சேர்க்க ஊருக்குச் செல்லும் நாள்வரை காத்திருக்க வேண்டும். ஊரில் தாய் இறந்தால் தோட்டத்து மகன் அறிவதும் அவ்வாறே. அழ வேண்டிய நாளில் அழ இயலாமற் போவது, இடம்பெயர்ந்தோர்க்கே உரிய துன்பமாகும். இத்துன்பத்தைப் பிற்காலத்தில் வானொலி எவ்வாறு ஓரளவு மாற்றியது, எங்கே மாற்றத் தவறியது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. இடர் வந்த நாளில் ஒரு வானொலியின் சொல்லை மக்கள் நம்புவதும் நம்பாதிருப்பதும், இடர் இல்லாத நாட்களில் அது அவர்களோடு எப்படிப் பழகிற்று என்பதைப் பொறுத்தது என்று நான் கருதுகின்றேன்.

இலங்கையில் வானொலி பிறந்த கதை பலரும் அறிந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வேட் ஹாப்பர் என்பார் 1923ஆம் ஆண்டளவில் பரிசோதனை முறையில் ஒலிபரப்பைத் தொடங்கினார். 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாக ஆரம்பிக்கப்பட்டது. அது 1949இல் 'ரேடியோ சிலோன்' என்னும் தனித் திணைக்களமாயிற்று. 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாயிற்று. 1950இல் தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பு, தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்டதென்பதும், எஸ். பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் கடல் கடந்து புகழ்பெற்றதென்பதும் முதியோர் இன்றும் மகிழ்ந்து பேசும் செய்திகள். அவற்றை விரித்தல் இங்கு வேண்டியதில்லை.

விரித்துரைக்க வேண்டியது வேறொன்று உண்டு. திரையிசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர், இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் மரண அறிவித்தல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியதாக நான் கண்டிலேன். அவ்வறிவித்தலின் அமைப்பை ஒருமுறை நினைவிற் கொள்வோம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று அது தொடங்கும். அன்னார் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னின்னாரின் தந்தை என்று உறவுமுறை தொடரும். பிள்ளைகள் வாழும் ஊர்கள் சொல்லப்படும். ஈமக்கிரியை நடைபெறும் நாள், நேரம், இடம் கூறி முடியும். பிறப்பிடம், வசிப்பிடம் என்னும் இரு சொற்களுக்கு இடையில் ஒரு குடும்பத்தின் இடப்பெயர்ச்சி வரலாறு முழுவதும் அடங்கிவிடுகின்றது. தெல்லிப்பழையிற் பிறந்து கொழும்பில் வாழ்ந்தவர், திருநெல்வேலியிற் பிறந்து இறத்தோட்டையில் வாழ்ந்தவர் என்று கேட்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்த ஒவ்வொருவரும் தம் வாழ்வும் ஒருநாள் அவ்வாறே இரண்டு சொற்களிற் சொல்லப்படும் என்று உணர்ந்தனர் போலும்.

இதன் பயன் நடைமுறையிற் பெரிது. தந்தி சேர ஒரு நாள் ஆகும் தோட்டத்திற்கு, வானொலி அறிவித்தல் அக்கணமே சேரும். இறந்தவரின் உறவினன் கேளாவிடினும், கேட்ட அயலான் ஓடிவந்து சொல்லுவான். நான் பிறந்து வளர்ந்த லயத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் ஓரிருவரே. அறிவித்தல் நேரம் வந்ததும் அவ்வீட்டு வாயிலில் பேச்சு அடங்கும். பிள்ளைகளாகிய நாங்கள் பாட்டு எப்போது வரும் என்று பொறுமையிழந்து நிற்போம். பாட்டி கையால் வாய்மூடக் காட்டுவார். தமக்குத் தொடர்பில்லாத ஒருவரின் சாவையும் அவர் முழுமையாகக் கேட்டு, "பாவம், பிள்ளைக நாலு பேராம்" என்பார். அறியாதவர்க்காக இரங்கும் அவ்வழக்கத்தை அவர் எந்தப் பள்ளியிலும் கற்றவரல்லர்.

இவ்வாறு அன்றாடம் வளர்ந்த நம்பிக்கை, நெருக்கடி வந்தபோது காக்கப்பட்டதா? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை ஒரே வகையாக இல்லை.

1958 மே மாத இனக்கலவரத்தை எடுத்துக்கொள்வோம். மே 22ஆந் திகதி இரவு பொலனறுவைப் புகையிரத நிலையத்திலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது. அதன் பின்னரே, 25ஆந் திகதி, மட்டக்களப்புப் பகுதியில் டி. ஏ. செனவிரத்ன என்பவர் கொல்லப்பட்டார். ஆனால் 26ஆந் திகதி பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க வானொலியில் நாட்டுக்கு ஆற்றிய உரை, அக்கொலையையே குழப்பத்தின் தொடக்கம்போற் காட்டிற்று. கேட்டோர் சினந் தணியவில்லை, மூண்டது. மறுநாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. டாசி விட்டாச்சி அவ்வாண்டின் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிய நூலில் இதனை வன்மையாகக் கண்டித்துள்ளார். பிரதமர் வேண்டுமென்று செய்தாரென நான் சொல்லேன். ஆயினும் நாட்களின் வரிசை மாறிய ஒரு வாக்கியம், வானொலியில் ஏறியபோது எத்துணை உயிரை வாங்கும் என்பதை மாணவர்கள் இதனால் அறிதல் வேண்டும். கொழும்பிலிருந்து கப்பல்களிற் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்ட அகதிகளின் காதில் விழுந்த கடைசிக் கொழும்புச் செய்தி எத்தகையதாக இருந்திருக்கும்!

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை வேறொரு வகையிற் பிரித்தது. 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படுமென்றும் இணக்கம் காணப்பட்டது. 1974இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. எண்ணிக்கையாகப் பார்க்கையில் இது கணக்கு. லயத்து வாயிலில் நின்று பார்க்கையில் இது அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலும் நிற்றல். தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரி முதலிய இடங்களிற் குடியமர்ந்தோர்க்கு அந்த நாடு பெயரளவில் தாயகம், பழக்கத்தில் அந்நியம். பலர் அதற்கு முன் இந்தியாவைக் கண்டதும் இல்லை. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்போ தென்னிந்தியாவிலும் தெளிவாகக் கேட்டது. ஒலியலைக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. தாயகம் திரும்பியோர் என்று அரசினர் பெயரிட்ட அம்மக்களுக்கு, விட்டுவந்த நாட்டின் அறிவிப்பாளர் குரலே ஊர்க்குரலாக இருந்தது என்று கூறின், அதில் மிகையில்லை.

பின்னர் வந்தது 1983 ஜூலை. மாத்தளை நகரும் அத்தீக்குத் தப்பவில்லை. வீடும் கடையும் இழந்து முகாம்களில் இருந்தோர், நாட்டின் தலைவர் என்ன சொல்லப் போகின்றார் என்று காத்திருந்தனர். ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன 28ஆந் திகதியே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். பிரிவினைக் கோரிக்கையைத் தடைசெய்வது பற்றியும், சிங்கள மக்களின் மனக்குறை பற்றியும் அவ்வுரையிற் கேட்டனர். பாதிக்கப்பட்ட தமிழரை நோக்கி ஓர் ஆறுதற் சொல் அதில் இல்லை. அறியாதவர் சாவுக்கும் என் பாட்டி சொன்ன "பாவம்" என்னும் அச்சிறு சொல்லை அரசு சொல்லவில்லை. இவ்வொரு குறையே பலரைக் கப்பலும் விமானமும் ஏறச் செய்தது என்று கூறிவிட முடியாது. எனினும், அகதியாகச் சென்ற முதியோர் பலர், தீயைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவ்வுரையைப் பற்றிப் பேசுவதை நான் கேட்டிருக்கின்றேன்.

கொழும்பின் குரலில் நம்பிக்கை குறைந்தபோது மக்கள் இலண்டனை நோக்கித் திரும்பினர். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதத்திற் போர்க்காலச் செய்தி மடலாகத் தொடங்கியது. அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதியவரும் அவரே. 1990இன் பின் வடக்கில் மின்சாரம் இல்லை. உலர் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது யாழ்ப்பாணத்தார் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கம்பிவழி வானொலிப் பெட்டிக்குச் செலுத்தி, இரவு ஒன்பதேகால் மணிச் செய்தியைக் கேட்டனர். சுற்றுபவன் கை தளர்ந்தால் செய்தி தேயும். ஆதலால் முறைவைத்துச் சுற்றினர். தம் அயற்கிராமத்தில் விழுந்த குண்டைப் பற்றி ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் தமிழிற் சொல்லக் கேட்டு உறுதிசெய்துகொண்ட காலம் அது. அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக்குடிசைகளில் தங்கிய முஸ்லிம் மக்களும் தமிழ்ச் செய்தியையே கேட்டனர் என்பதையும் மறந்துவிடலாகாது. துன்புற்றோர் இரு திறத்தார், மொழி ஒன்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், மூட்டைகளிடையே வானொலிப் பெட்டி இருந்தது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆந் திகதியோடு நிறுத்தப்பட்டது. கணினியும் கைத்தொலைபேசியும் பெருகிய காலத்தில் அது இயல்பே என்பர். இருக்கலாம்.

கடல் கடந்து சென்றோர் தாமே வானொலி நிலையங்களை அமைக்கத் தொடங்கியது இவ்வரலாற்றின் அடுத்த கட்டம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் தமிழ் ஒலிபரப்புகள் எழுந்தன, இலண்டனில் ஐ.பி.சி. 1997இல் தொடங்கிற்று. அவற்றிலும் மரண அறிவித்தல் நிலைத்த நிகழ்ச்சியாயிற்று. பிறப்பிடம் தெல்லிப்பழை, வசிப்பிடம் ஸ்காபரோ என்று இரு சொற்களுக்கும் இடையே பெருங்கடல் புகுந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, முல்லைத்தீவிலும் கல்முனையிலும் யார் எஞ்சினர் என்று அறியத் துடித்த உறவினர்க்கு இந்நிலையங்களே கூடுமிடமாயின. நிதியும் அங்கே திரண்டது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னிச் செய்தியை இரவு பகலாகக் கேட்டோர் உறக்கம் இழந்தனர். இங்கே ஒன்றை ஒளியாமற் கூறவேண்டும். தன் மொழியில் இடைவிடாது வரும் துயரச் செய்தி, கேட்பவனைத் தேற்றுவது போலவே நோயும் ஆக்கும். செய்ய ஒன்றுமில்லாத தொலைவில் இருந்து கேட்பவனுக்கு அது இன்னும் கொடிது. அழைத்துப் பேசவும், சேர்ந்து அழவும், ஏதேனும் அனுப்பவும் வழிவிட்ட நிகழ்ச்சிகளே ஆறுதல் தந்தன. எண்ணிக்கையை மட்டும் வாசித்தவை தரவில்லை.

பிற நாடுகளின் அனுபவமும் இதனை ஒத்தது. அவுஸ்திரேலியாவில் 1975 ஜூன் மாதம் சிட்னியிலும் மெல்பேணிலும் 2இஏ, 3இஏ என்னும் இரு நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வரவிருந்த மெடிபாங்க் என்னும் மருத்துவக் காப்புத் திட்டத்தைக் குடியேறிய மக்களுக்கு அவரவர் மொழியில் விளக்குவதே அதன் உடனடி நோக்கம். மூன்று மாதத்துக்கெனத் தொடங்கியது நிலைத்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்த எஸ்பிஎஸ், 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது தமிழ் உட்பட அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் விளக்கம் தந்தது. நாற்பத்தைந்தாண்டு பாட்டும் பேச்சும் கேட்டுப் பழகிய குரல், 'வீட்டிலிருங்கள்' என்றபோது அதனைக் கேட்டனர்.

மறுபுறத்தில் ருவாண்டா நிற்கின்றது. 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி, மக்களின் சொந்த மொழியாகிய கின்யர்வாண்டாவில், அவர்கள் விரும்பிய பாட்டையும் நகைச்சுவையையும் கொடுத்துப் பழக்கி, 1994இல் அதே நாவாற் கொலைக்குத் தூண்டியது. அவ்வாண்டிலேயே பிபிசி, சிதறிய அகதிகளுக்காக அதே மொழியில் ஓர் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 'ககூசாமிரியாங்கோ' என்பது அதன் பெயர். குடும்பங்களை ஒன்று சேர்ப்பது என்பது பொருள். காணாமற்போனோர் பெயர்களை அது வாசித்தது. ஒரே மொழி, ஒரே ஆண்டு. ஒன்று பெயர்களைச் சொல்லிக் கொல்லச் சொன்னது, மற்றது பெயர்களைச் சொல்லித் தேடச் சொன்னது. தாய்மொழி வானொலி என்றாலே நன்மை என்று வாதிடுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் நலம்.

இனி, நான் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் லக்கலைக்கு வருகின்றேன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சாரலில் உள்ள இப்பிரதேசத்தார் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகர் நீரில் மூழ்கிற்று; 2018இல் புதிய லக்கல நகர் திறந்துவைக்கப்பட்டது. மொறகஹகந்த–களு கங்கைத் திட்டத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மகாவலித் திட்டத்தின் தொடக்க காலத்தில், இவ்வாறு பெயர்க்கப்பட்டோருக்கென 1981இல் மகாவலிச் சமூக வானொலி தொடங்கப்பட்டிருந்தது. யுனெஸ்கோவும் டென்மார்க்கும் அதற்கு உதவின. அதன் கலைஞர்கள் குடியேற்றக் கிராமங்களிற் பல நாட்கள் தங்கி, மக்கள் வாய்மொழியையே பதிவு செய்து ஒலிபரப்பினர். ஜிராந்துருகோட்டையிலும் கொத்மலையிலும் பின்னர் சிறு நிலையங்கள் எழுந்தன. அணை நீருக்காக ஊரிழந்தவனிடம், புதிய வயலைப் பற்றி அதிகாரி பேசுவதற்கு முன், பழைய ஊரைப் பற்றி அவனையே பேசவிட்டது அவ்வானொலியின் சிறப்பு. லக்கலை பெயர்ந்த காலத்தில் அத்தகைய முயற்சி இங்கே காணப்படவில்லை. என் மாணவன் ஒருவனின் பாட்டி, புதுவீட்டிலும் பழைய வானொலியிற் சிங்கள மரண அறிவித்தலைத் தவறாது கேட்பார். முன்னர் ஊரிற் சாவு என்றால் வெள்ளைக் கொடி தெரியும். இப்போது அயலார் நாலு திசைக்கும் போய்விட்டனர், இதுதான் வழி என்பது அவர் சொன்ன காரணம். என் பாட்டியும் அவரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியார். தமிழ்ப் பாடத்தில் நான் மரண அறிவித்தலின் அமைப்பைக் கற்பித்தபோது, அம்மாணவனே எழுந்து, பிறப்பிடம் நீருக்குள் இருந்தால் அதை எப்படி எழுதுவது என்று வினவினான். பழைய பெயரையே எழுது என்றேன்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டில் மண்சரிவாற் பேரழிவு. இம்மாவட்டத்தின் கம்மடுவைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரை மீறி மழை பெய்தது. மின்சாரம் அற்றது, தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. கைத்தொலைபேசி வந்தபின் எதற்கு வானொலி என்றிருந்தோர், பரணில் கிடந்த பெட்டிக்கு மின்கலம் தேடினர். தமிழில் எச்சரிக்கை தாமதித்து வந்தது, சில வேளை வரவேயில்லை என்னும் முறைப்பாடு அந்நாட்களிற் பரவலாக எழுந்தது. 1987இல் அரசியலமைப்பு தமிழையும் அரசகரும மொழியாக ஏற்ற பின்னர் முப்பத்தெட்டு ஆண்டு கழிந்தும் இந்நிலை.

வந்த எச்சரிக்கையிலும் ஒரு சிக்கல் இருந்தது. இது வெளியே நின்று நோக்குவோர்க்குத் தோன்றாது. மலைநாட்டுத் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் அரசாங்கப் பதிவில் ஒரு பெயரும், அங்கு வாழும் தமிழர் வழங்கும் பெயர் வேறொன்றுமாக இரண்டு பெயர்கள் உள்ளன. கோப்பிக் காலத்தில் நடந்து வந்தோர், துரையின் பெயராலோ, மலையின் வடிவாலோ, மரத்தாலோ, தமக்கு நாவில் வந்தவாறு இட்டு வழங்கிய பெயர்கள் அவை. எச்சரிக்கையோ கிராம அலுவலர் பிரிவின் பெயரைக் கூறிற்று. அப்பெயர் தம் லயத்தைக் குறிப்பதென்று அறியாமலே அதனை முழுவதும் கேட்டுவிட்டு, "பாவம், எந்த ஊரோ" என்று சொல்லியிருந்தோம் என, புயல் கழிந்து முகாமிற் கண்ட என் உறவினர் ஒருவர் கூறினார்.